வேலி தாண்டிய புல்லு மருந்து: 78 நாள் பதிவு

78 ஆம் நாள் காலை தக்காளி முதற்கூடை நிறைந்தது. 3 கிலோ 400 கிராம். காம்படியில் வெடிப்பில்லை, வெட்டிப் பார்த்தால் உள்ளே கோறையில்லை. இதே செடிகள்தான் ஆனி நடுவில் நுனி முறுகித் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றவை. மேற்குப் பக்கத்துத் தறையில் (அயலவரின் தோட்ட நிலத்தில்) அடித்த புல்லு மருந்து, அதாவது களைகொல்லி, தென்மேற்குச் சோளகக் காற்றோடு வேலி தாண்டி வந்து விழுந்தது. அந்த நாளை 0 என்று வைத்துத்தான் கீழே உள்ள கணக்கெல்லாம்.

இடம் யாழ்ப்பாணத்து வலிகாமம், செம்மண். வளவு 2 பரப்பு, அதாவது ஏறக்குறைய 500 சதுர மீற்றர். மேற்கு வேலி 22 மீற்றர் நீளம். வேலியிலிருந்து 3 மீற்றர் தள்ளித் தக்காளி 4 வரிசை, வரிசைக்கு 12 ஆக 48 செடி. 8 மீற்றரில் பயத்தை (நீளப் பயற்றங்காய்) பந்தல். 10 முதல் 13 மீற்றர் வரை கத்தரியும் எம்.ஐ. 2 என்ற இன மிளகாயும். 14 மீற்றரில் கீரைப் பாத்தி. வீட்டோடு ஒட்டி, 18 மீற்றரில், ஒரு முந்திரிகை (திராட்சை) பந்தல், இனம் இஸ்ரேல் புளூ. தெற்கு எல்லை நெடுகக் கதலி வாழை 6 மரம். கிணறு வடக்கு மூலையில். ஆறு வருடமாக மாட்டெருவும் பூவரசங் குழையும் தவிர வேறெதுவும் போகாத மண்.

முதல் ஒரு மணி நேரம்

மருந்து மணம் வந்தது பின்னேரம் 4.15 க்கு. 4.40 க்குக் கழுவத் தொடங்கி 5.20 க்கு நிறுத்தினோம். கிணற்றடிக் குழாயின் நீளம் தக்காளி வரிசைகளின் வடபாதிக்கு மட்டுமே எட்டியது. தென்பாதி 24 செடியையும் மறுநாள் காலையில்தான் கழுவ முடிந்தது. இந்தத் தவறே பிறகு ஒரு பரிசோதனைபோல ஆகிவிட்டது. 21 ஆம் நாள் எண்ணிப் பார்த்தபோது வடபாதி 24 இல் 5 செடியும், தென்பாதி 24 இல் 17 செடியும் பிடுங்க வேண்டிய நிலையில் இருந்தன. காற்று தென்மேற்கிலிருந்து வந்ததால் தென்பாதியில் மருந்தும் கூட விழுந்திருக்கும். ஆகவே இந்த வித்தியாசம் முழுவதையும் கழுவிய கணக்கில் எழுதக்கூடாது. ஆனாலும் பெரும்பங்கு அதுதான் என்பது எங்கள் முடிவு.

மருந்துப் போத்தலின் லேபிளிலேயே ‘அடித்த பின் இத்தனை மணி நேரம் மழை கூடாது’ என்று எழுதியிருக்கும். மருந்து இலைக்குள் இறங்கப் பிடிக்கும் நேரம் அது. பாதிக்கப்பட்டவருக்குக் கிடைக்கும் அவகாசமும் அதேதான். முதல் ஒரு மணி நேரத்தில் ஊற்றும் தண்ணீருக்கு மதிப்பு அதிகம், மூன்றாம் மணியில் குறைவு, அடுத்த நாள் ஊற்றுவது மனத் திருப்திக்குத்தான்.

கழுவும் முறையில் கவனிக்க வேண்டியவை: செடிக்கு 3 முதல் 4 லீற்றர். குழாய் வாயை விரலால் அமுக்கிப் பீச்சாமல், பூவாளித் தலை போட்டு மேலிருந்து கீழாக, இலையின் இரண்டு பக்கமும் நனையும்படி விட வேண்டும். கையுறையும் நீண்ட கைச்சட்டையும் போட்டுக்கொள்ளுங்கள், அந்தத் தண்ணீர் உங்கள் மேலும் வழியும். சவர்க்காரம் சேர்க்கக் கூடாது. வேப்பெண்ணெய்க் கரைசலுக்காகக் கரைத்து வைத்திருந்த சவர்க்காரத் தண்ணீர் ஒரு வாளி கையில் இருந்ததால் வடபாதியில் 4 செடிக்கு அதை ஊற்றிவிட்டோம். வடபாதியில் இறந்த 5 இல் 3 அந்த நாலுக்குள் உள்ளவை. இலையின் மெழுகைத் தளர்த்தி மருந்தை உள்ளே விடுவது சவர்க்காரத்தின் இயல்பு. மருந்தோடு ஒட்டும் திரவம் சேர்த்து அடிப்பதே அதற்காகத்தான். வெறும் கிணற்றுத் தண்ணீர் போதும்.

என்ன மருந்து என்று கண்டுபிடித்தது

1 ஆம் நாள் காலையிலேயே தக்காளி காட்டிவிட்டது. ஒரு நுனியைக் கையில் எடுத்துப் பார்த்தால்: இலைக்காம்பு நிமிர்ந்து நிற்க வேண்டிய இடத்தில் கீழே வளைந்து தண்டை அணைத்துக்கொண்டிருக்கிறது. தண்டு கயிறு திரித்ததுபோல முறுகியிருக்கிறது. 6 ஆம் நாள் வந்த புது இலை பன்னக் கீரைபோல ஒடுங்கி, நரம்புகள் கிளை பிரியாமல் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக நுனிவரை ஓடின. 9 ஆம் நாள் தண்டின் அடியில் வெள்ளைக் கொப்புளங்கள், வேர் முளைக்கப் பார்ப்பதுபோல. இவ்வளவும் எம்.சி.பி.ஏ. போன்ற, செடியின் வளர்ச்சிச் சாற்றைப்போல நடிக்கும் மருந்தின் அடையாளம். வயலில் அகன்ற இலைக் களைக்கும் கோரைக்கும் அடிப்பார்களே, அந்த வகை.

பார்த்த பலர் வெள்ளை ஈ கொண்டுவந்த இலைச்சுருள் வைரசு என்றார்கள். நுண்சிலந்தி என்றும் ஒருவர் சொன்னார். மிளகாயில் நுண்சிலந்தி வந்தால் இலை கீழ்நோக்கிக் குவியும், இலைப்பேன் வந்தால் மேல்நோக்கிச் சுருளும், அவை ஒவ்வொன்றும் செடிக்குச் செடி மெல்லத்தான் பரவும். இங்கே தக்காளி, பயத்தை, வேலிக்கரைக் குப்பைமேனி, முடக்கொத்தான் எல்லாம் ஒரே நாளில், ஒரே திசையிலிருந்து முறுகியிருந்தன. இத்தனை வகைப் பயிரையும் களையையும் ஒரே நாளில் இப்படி முறுக்கும் வைரசு இல்லை. சந்தேகம் வந்தால் முதலில் வேலிக்கரைக் களையைப் பாருங்கள்.

அடுத்த வேலை, சதுரக்கோட்டுத் தாளில் வளவை வரைந்து ஒவ்வொரு செடிக்கும் 0 முதல் 3 வரை புள்ளி போட்டது. 0 சுகம், 1 நுனி மட்டும் வளைவு, 2 பாதிச் செடி, 3 முழுச் செடியும் முறுகல். இதில் ஒரு தவறான முடிவுக்குப் போய்விட்டோம். 14 மீற்றரில் கீரையில் ஒன்றும் தெரியாததால் மருந்து அதற்கு அப்பால் போகவில்லை என்று எழுதி வைத்தோம். 11 ஆம் நாள் 18 மீற்றரில் முந்திரிகையின் இளம் இலை விசிறி மடித்ததுபோல, ஓரம் பல்லுப் பல்லாக விரிந்தது. முந்திரிகை, தக்காளி, பயத்தை மூன்றும் இந்த மருந்தை மிகச் சிறிய அளவிலேயே காட்டிவிடும். கீரை அவ்வளவு சீக்கிரம் காட்டாது. தூரத்தை மட்டும் வைத்து வரைபடம் போட்டால் ஏமாற்றும், பயிர் என்ன என்பதையும் பக்கத்தில் எழுத வேண்டும். கீரையையும் அன்றே பிடுங்கி எறிந்தோம். இலையில் அடையாளம் இல்லை என்பதால் மருந்து விழவில்லை என்று ஆகாது. சாப்பிடும் இலையில் அந்த ஐமிச்சம் வேண்டாம்.

மருந்து எம்.சி.பி.ஏ. மட்டும்தான் என்று இருந்தபோது 9 ஆம் நாள் மேற்குக் கரை வாழை இரண்டின் குருத்து அடியில் மஞ்சள் வெளிறி, நுனி விரியாமல் சிக்கி நின்றது. வாழைக்கு எம்.சி.பி.ஏ. அப்படிச் செய்யாது. தக்காளியிலும் துளிரின் அடிப்பகுதி எலுமிச்சை நிறமாக மாறியிருந்தது. அது வேறொரு மருந்தின் கையெழுத்து. எல்லைக்குப் போய் மருந்தடித்த அயலவரிடம் கேட்டோம்.

“அண்ணை, போத்தலை ஒருக்காக் காட்டுங்கோ. எது எண்டு தெரிஞ்சாத்தான் இனி என்ன செய்யிறதெண்டு பாக்கலாம்.”

“கிளைபோசேட்தான் பிள்ளை. கோரை விடுதில்லை எண்டு எம்.சி.பி.ஏ.யும் ரண்டு மூடி விட்டனான்.”

இரண்டு மருந்து ஒரே தாங்கியில். ஒன்று ஒரே இரவில் காட்டும், மற்றது ஒரு வாரம் கழித்துக் காட்டும். இதைக் கேட்டு அறிய 9 நாள் எடுத்தது பெரிய தவறு. 1 ஆம் நாளே கேட்டிருக்க வேண்டும், சண்டைக்குப் போவதுபோல இல்லாமல் மருந்துப் பெயரைக் கேட்கப் போவதுபோல. கிளைபோசேட் இலங்கையில் 2015 இல் தடையாகி, 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்ந்து, 2022 இல் தடை நீங்கித் திரும்பக் கடைக்கு வந்த சாமான். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கூட. சுண்ணாம்பு கிளைபோசேட்டைப் பிடித்து வலுக்குறைக்கும். ‘மருந்து கேக்குதில்லை’ என்று அளவைக் கூட்டி விடுவது அதனால்தான். அந்தக் கூட்டிய அளவுதான் காற்றிலும் வருகிறது.

படம் எடுக்கும்போது அளவுகோல் ஒன்றைப் பக்கத்தில் வைத்து, நாள், நேரம், காற்றின் திசை மூன்றையும் எழுதி வையுங்கள். விவசாயப் போதனாசிரியருக்குக் காட்டவும், 1920 என்ற விவசாய ஆலோசனை இலக்கத்துக்கு எடுத்துப் பேசவும் இது உதவும்.

பயனில்லாமல் போனவை

சிரட்டைக் கரி 12 கிலோ இடித்துத் தக்காளி அடியில் கொத்திக் கலந்தோம், 1,800 ரூபா. மருந்து இலை வழியாக உள்ளே போய்விட்டது. மண்ணில் போட்ட கரி செடிக்குள் இருப்பதை எப்படி இழுக்கும்? பெருமளவு மருந்து நிலத்தில் கொட்டிப்போனால் கரிக்கு வேலை உண்டு, அதுவும் அடுப்புக் கரி இல்லை, கடையில் விற்கும் ஏவப்பட்ட கரி. காற்றில் வந்த சாரலுக்கு வீண் செலவு.

4 ஆம் நாள் பஞ்சகவ்யம் 3 வீதம், 7 ஆம் நாள் மீன் அமினோக் கரைசல் லீற்றருக்கு 5 மில்லி. செடிக்குத் தெம்பு வரும் என்று நினைத்தோம். துளிர் வந்தது, வந்ததெல்லாம் முறுகியே வந்தது. இந்த இரண்டு மருந்தும் செடி எங்கே வளர்கிறதோ அங்கேதான் ஓடும். வளர்ச்சியை விரட்டினால் மருந்தையும் துளிருக்கு விரட்டுகிறோம். கரைசல் அடிக்காமல் விட்ட 6 செடி ஐந்தாறு நாள் முந்தியே நேரான இலை விட்டது. தழைச்சத்துள்ள எதையும் நேரான இலை இரண்டு வரும்வரை கொடுக்க வேண்டாம்.

மூன்றாவது, அவசரத்தில் கத்தரித்தது. 3 ஆம் நாள் 5 செடியின் முறுகிய நுனிகளை நறுக்கினோம். அடுத்து வந்த பக்கக் கிளையும் முறுகியது, அதையும் நறுக்க, செடி இலையில்லாமல் வெயிலில் வாடியது. எதுவரை மருந்து போயிருக்கிறது என்று செடி தானே காட்டும்வரை கத்தியை எடுக்கக் கூடாது.

பலன் தந்தது

3 புள்ளி வாங்கிய தக்காளி 22 ஐயும் 21 ஆம் நாள் பிடுங்கினோம். 10 ஆம் நாளே பிடுங்கியிருக்கலாம், ஆசையில் விட்டது. மீதி 26. இவற்றில் இருந்த பூ, பிஞ்சு, காய் எல்லாவற்றையும் கிள்ளிப் புதைத்தோம். அந்தக் காயைச் சாப்பிட மனம் வராது என்பது ஒரு காரணம், காய்க்குப் போகும் பலம் துளிருக்குப் போக வேண்டும் என்பது மற்றது. 30 ஆம் நாள் வரை வந்த ஒவ்வொரு பூங்கொத்தும் இப்படியே போனது. தண்ணீர் இரண்டு நாளுக்கு ஒரு முறை செடிக்கு 3 லீற்றர், நாள் தவறாமல். செம்மண் சீக்கிரம் காயும், காய்ந்து நனைந்து காய்ந்தால் ஏற்கெனவே நோய்ப்பட்ட செடி தாங்காது. மத்தியான வெயிலுக்குப் பழைய பருத்திச் சேலையை நாலு தடியில் கட்டிவிட்டோம், 11 முதல் 3 மணி வரை.

24 ஆம் நாள் ஒரு செடியில், 28 ஆம் நாளுக்குள் பெரும்பாலானவற்றில், கிளை நரம்போடு அகலமான இலை வந்தது. அந்த இலைக்குக் கீழே உள்ள கணுவில் புறப்பட்ட பக்கக் கிளையை வைத்துக்கொண்டு மேலே முறுகிய தண்டை அப்போதுதான் வெட்டினோம். வெட்டிய மறுநாள் முதல் மாட்டெரு செடிக்கு இரண்டு கை. 32 ஆம் நாள் பூத்த பூக்களை விட்டுவைத்தோம், அவைதான் 78 ஆம் நாள் பழம். 26 இல் 7 செடி கோணல் காயே காய்த்ததால் இடையில் பிடுங்கப்பட்டன. 19 நல்ல செடி.

இங்கே ஒரு கணக்கு. 8 ஆம் நாள் புது நாற்று மேடை போட்டிருந்தால் 100 ஆம் நாளளவில் பழம் கிடைத்திருக்கும். 26 செடியை 78 நாள் பராமரித்து மிச்சப்பட்டது மூன்று வாரம். பூப்பதற்கு முன் பட்ட தக்காளியாக இருந்தால் யோசிக்காமல் பிடுங்கிப் புதிதாகப் போடுவதே சரி.

பயத்தை முழுவதையும் பிடுங்கினோம், அது திரும்பாது. கத்தரியில் சேதம் 1 புள்ளிக்கு மேல் போகவில்லை, மிளகாயில் பூ உதிர்ந்து மூன்று வாரத்தில் சரிவந்தது. தேசிக்கும் (எலுமிச்சை) கறிவேப்பிலைக்கும் ஒன்றுமில்லை, தடித்த மெழுகிலை. முந்திரிகையைத் தொடவே இல்லை. மூன்று கணு நேரான இலை வந்த பின், வழக்கமான கத்தரிப்புக் காலத்தில், அந்தக் கணுவை வைத்து வெட்டலாம். அந்தப் போகத்துக் குலையை விட்டுவிட வேண்டியதுதான்.

வாழைதான் நீண்ட கவலை. கிளைபோசேட் இலையிலிருந்து கிழங்குக்கு இறங்கி அங்கிருந்து குட்டிகளுக்கும் போகும். பட்ட இரண்டு மரத்திலும் குட்டிகள் வாள்போல ஒடுங்கி, வெள்ளைக் கோட்டோடு வந்தன. அந்தக் குட்டியைப் பெயர்த்து வேறிடம் வைக்கவோ அயலுக்குக் கொடுக்கவோ கூடாது. அடுத்தடுத்து இரண்டு இலை பச்சையாக, அகலமாக விரிந்தால் மட்டும் அது சுகம்.

தயிர்க் கோப்பையில் பயத்தை

மண்ணில் எம்.சி.பி.ஏ. நிற்கிறதா என்பதற்கு ஆய்வுகூடம் தேடத் தேவையில்லை, பயத்தை விதை போதும். 15 ஆம் நாள் செய்தது இப்படி: அரை லீற்றர்த் தயிர்க் கோப்பை 10, அடியில் மூன்று துளை. தக்காளிப் பாத்தியின் மூன்று இடத்தில் மேல் 5 செ.மீ. மண்ணை மட்டும் சுரண்டி எடுத்து 3 கோப்பை. சாரல் மேலேதான் இருக்கும், ஆழக் கொத்தி எடுத்தால் நல்ல மண் கலந்து ஏமாற்றும். வீட்டின் கிழக்குப் பக்கத்து மண்ணில் 3 கோப்பை, இது ஒப்பிட. மூடாக்குப் புல்லை நறுக்கி நல்ல மண்ணோடு மூன்றுக்கு ஒன்று கலந்து 3 கோப்பை. தொழு எருவில் 1. கோப்பைக்கு 4 விதை, முளைத்த பின் 3 விட்டு மற்றதைக் கிள்ளினோம். ஒவ்வொன்றுக்கும் தனித் தட்டு, ஒன்றின் தண்ணீர் மற்றதற்கு ஊறக்கூடாது.

பார்க்க வேண்டியது முதல் மூவிலை. அது தட்டையாக விரிந்தால் மண் சுகம், கரண்டிபோலக் குவிந்தால் அந்த மருந்து இருக்கிறது. 20 ஆவது நாள், அதாவது பதிவின் 35 ஆம் நாள்: பாத்தி மண் மூன்றும் சுகம், எருவும் சுகம். மூடாக்குக் கோப்பை மூன்றிலும் இலை குவிந்து ஓரம் சுருங்கியிருந்தது.

இது நாங்கள் எதிர்பாராதது. காரணம் பிறகு விளங்கியது. 5 ஆம் நாள் மேற்கு வேலிக்கரைப் புல்லை வெட்டித் தக்காளி அடிக்கு மூடாக்காகப் போட்டிருந்தோம். சாரல் முழுக்க விழுந்த புல். மண்ணில் நுண்ணுயிர்கள் இந்த மருந்தைச் சில வாரத்தில் உடைத்துவிடும், காய்ந்த புல்லில் அந்த வேலை மெதுவாகத்தான் நடக்கும். நாமே மருந்தைச் செடிக்கு அடியில் கொண்டுபோய் வைத்திருந்தோம். அன்றே முழுவதையும் வாரி, எருக்குழியில் போடாமல், வேலியோரம் தனிக் குவியலாக வைத்தோம். மூன்று மாதம் கழித்துத் திரும்பவும் கோப்பையில் பார்த்துத்தான் முடிவெடுப்போம். அந்தக் கரைப் புல்லை ஆட்டுக்கும் வெட்டிப் போடாதீர்கள்.

நொசிலும் வேலியும்

பக்கத்துத் தறையில் மருந்து அடிப்பதை நாம் நிறுத்த முடியாது. எப்படி அடிக்கிறார்கள் என்பதை மாற்றலாம், அதற்குக் கண்ணால் காட்ட வேண்டும். வெறும் தண்ணீரில் நிறம் கலந்து அதே தெளிகருவியால் அடித்து, எங்கள் பக்கம் வெள்ளைத் தாள் தொங்கவிட்டு எண்ணுவது என்று தீர்மானித்தோம். முதலில் உடுப்புக்குப் போடும் நீலம் கலந்தோம். அது கரையாமல் அடியில் படிந்து, மருந்து தெறிக்கும் முனையான நொசிலின் வடியை அடைத்தது. பிறகு சாப்பாட்டுச் சிவப்பு நிறம், 4 லீற்றர் தண்ணீருக்கு 20 மில்லி. கயிறு கட்டி உடுப்புக் கிளிப்பால் தாள், நிலத்திலிருந்து ஒரு மீற்றர் உயரத்தில். 5 செ.மீ.க்கு 5 செ.மீ. துளை வெட்டிய மட்டையைத் தாளின்மேல் வைத்து அதற்குள் தெரியும் புள்ளிகளை எண்ணினோம். இலைகள் சலசலக்கும் அளவு காற்று.

பூச்சி மருந்துக்குப் போடும் கூம்பு நொசிலில், வேலியிலிருந்து 2 மீற்றரில் எண்ண முடியாத அளவு புள்ளி. 6 மீற்றரில் 31, 10 மீற்றரில் 9, 18 மீற்றரில் 2. அந்த இரண்டு புள்ளிதான் முந்திரிகை. புல்லுக்கென்று விற்கும் தட்டை நொசிலைப் போட்டு, கைப்பிடியை மெதுவாக அடித்து அமுக்கம் குறைத்தபோது 2 மீற்றரில் 14, 6 மீற்றரில் 2, அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. பழைய 5 லீற்றர் எண்ணெய்க் கானின் அடியை வெட்டி நொசிலுக்கு மேல் குடைபோல மாட்டி, முழங்காலுக்குக் கீழே பிடித்து அடித்தால் 2 மீற்றரில் 1 மட்டும். தட்டை நொசில் 450 ரூபா. இந்தப் பதிவிலேயே அதிகம் பயன் தந்த செலவு அதுதான். தாள்களை வரிசையாக எல்லையில் பிடித்துக் காட்டிய பின் வேறு பேச்சுத் தேவைப்படவில்லை. நொசிலும் கானும் இப்போது அந்தத் தெளிகருவியில்தான் இருக்கின்றன. அடிக்கும் முதல்நாள் சொல்லிவிடுவதாகவும் பேச்சு.

நேரத்துக்கும் ஒரு அளவு வைத்திருக்கிறோம். பொச்சு மட்டை ஒன்றைப் புகைய விடுவது. புகை சரிந்து வளவுப் பக்கம் ஓடினால் அடிக்கக் கூடாது. புகை எழும்பாமல் நிலத்தோடு படுத்து மிதந்தாலும் கூடாது. காற்றில்லாத விடியற்காலையில் நுண்துளி கீழே இறங்காமல் தொங்கி, பிறகு எந்தப் பக்கமும் ஊரும். மெல்லச் சாய்ந்து மறுபக்கம் போகும் புகைதான் நல்ல நேரம்.

வேலியில் ஒரு பிழை விட்டோம். 40 கிடுகு வாங்கி, 2,800 ரூபா, 5 அடி உயரத்துக்கு இடைவெளியில்லாமல் அடைத்தோம். கூம்பு நொசிலால் திரும்பவும் நிறத் தண்ணீர் அடித்தபோது, கிடுகுக்குப் பின்னால் 1 மீற்றரில் 3 புள்ளி, 4 மீற்றரில் 17. அடைத்த வேலியில் மோதும் காற்று மேலே ஏறி, அப்பால் சுழன்று கீழே விழுகிறது, மருந்தையும் அதே இடத்தில் இறக்குகிறது. பாதிக்குப் பாதி காற்று ஊடுருவும் தடைதான் வேண்டும். கிடுகைக் கழற்றி ஆட்டுக் கொட்டிலுக்குப் போட்டுவிட்டு, 50 வீத நிழல்வலை 8 அடி அகலத்தில் 22 மீற்றர் கட்டினோம். 4 மீற்றரில் 4 புள்ளி, 8 மீற்றரில் 1.

தூணுக்குப் பனஞ்சிலாகை 10 அடி, 9. இரண்டடி ஆழம் வேண்டும், ஒன்றரை அடியிலேயே சுண்ணாம்புக் கல் தட்டியது, அலவாங்கால் உடைத்துத்தான் இறக்கினோம். வலைக் கண்ணில் கம்பியைக் கோத்து நேரே தூணில் கட்டியது இன்னொரு பிழை. சோளகம் பாய்போல ஊதி மூன்றாம் நாளே கண்களைக் கிழித்தது. ஓரத்தை இரண்டு மடிப்பு மடித்து நைலோன் கயிறு உள்ளே ஓட்டி, கயிற்றைத் தூணில் கட்ட வேண்டும். மூலைத் தூண் இரண்டுக்கும் முட்டு.

செலவு: வலை 9,240, சிலாகை 8,100, கம்பியும் கயிறும் 900, ஒரு நாள் கூலி 3,000, நொசில் 450, தென்கோடி வரை எட்டும் குழாய் 20 மீற்றர் 3,400. வீணாய்ப் போன கரி 1,800, கிடுகு 2,800. மொத்தம் 29,690 ரூபா. குழாய் முன்பே இருந்திருந்தால் தென்பாதியிலும் பாதிச் செடியாவது தப்பியிருக்கும்.

வலை தற்காலிகம். ஐப்பசி மழை தொடங்கியதும் அதன் உட்பக்கம் ஒரு அடிக்கு ஒன்றாகக் கிளுவைக் கதியால், அதற்குள்ளே 3 அடி விட்டுப் பூவரசு ஒரு வரிசை. வேலியிலிருந்து 3 மீற்றருக்குள் இனிச் சாப்பாட்டுப் பயிர் இல்லை, தக்காளி வரிசைகள் கிழக்குப் பக்கம் மாறுகின்றன. அந்த 3 மீற்றரில் செவ்வந்தியும், வேலி நெடுக 4 மீற்றருக்கு ஒரு சட்டியில் பயத்தையும் நிற்கும். அந்தப் பயத்தை காய்க்காக இல்லை, காலையில் இலை குவிந்திருக்கிறதா என்று பார்க்க. பட்ட வாழையில் ஒரு மரத்தின் குட்டி 74 ஆம் நாள் முதற் பச்சை இலை விரித்திருக்கிறது. இரண்டாவது இலை இன்னும் சுருளில்.